கப்பல் புறப்படும் நாளில் ஊரிலிருந்து கிளம்பலாமா?

பரமக்குடியில் இருக்கும் என் அக்கா மகன் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தான். சென்னையிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பல் ஒன்றில் அவனும் அவன் மனைவியும் பிள்ளைகளும் அக்காவும் போவதற்கு இடம் பதிவு செய்திருக்கிறான். கப்பல் திங்கட்கிழமை மாலை கிளம்புகிறது. “ஞாயிறு ராத்திரி சேது எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் எழும்பூரில் இறங்கிவிடலாம், மதியம் துறைமுகத்துக்குப் போய்விடலாம், போதும்தானே மாமா?” என்று கேட்டான். போதும் என்றோ போதாது என்றோ ஒரே சொல்லில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2023 ஆடியில் இதே கேள்வியை வைத்துக்கொண்டு நானும் என் மனைவியும் மூன்று இரவுகள் பேசியிருக்கிறோம். அவனுக்குச் சொல்ல வேண்டியதை எழுதிவிட்டால் நம் பக்கத்திலிருந்து கப்பல் ஏறப்போகும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்று தோன்றியது.

முதலில், நம் ஊருக்கும் அந்தத் துறைமுகத்துக்கும் உள்ள தூரத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் ராமேஸ்வரம் தீவுக்கு இக்கரையிலுள்ள மண்டபம் என்ற ஊரில் இருக்கிறோம். இங்கிருந்து சென்னை சாலை வழியாக ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். ரயிலென்றால் ஓர் இரவு முழுவதும் ஓட வேண்டும். விமானமென்றால் மதுரைக்குப் போக வேண்டும், அதற்கே காரில் இரண்டரை மணி நேரம் ஆகும். சென்னையிலோ செங்கல்பட்டிலோ இருப்பவர் கப்பல் புறப்படும் நாளில் காலையில் குளித்துச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவதும், நாம் அதே நாளில் போய்ச் சேர்வதும் ஒன்றல்ல. கப்பல் நிறுவனங்கள் அனுப்பும் குறிப்புகளில் ‘ஒதுக்கப்பட்ட நேரத்துக்குத் துறைமுகத்துக்கு வாருங்கள்’ என்றுதான் இருக்கும். அந்த வாசகம் பெருநகரவாசியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

எங்கள் சீட்டில் கப்பல் புறப்பாடு மாலை 5 மணி என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே, பயணிகள் பதிவு முகப்பு 3 மணிக்கு மூடப்படும் என்று சிறிய எழுத்தில் இருந்தது. எங்களுக்கு ஒதுக்கியிருந்த நேரம் 12.30. இந்த மூன்றில் நம்மைக் கட்டுப்படுத்துவது நடுவில் உள்ளதுதான். ஐந்து மணியை வைத்துக் கணக்குப் போடுகிறவர் தொடங்கும்போதே இரண்டு மணி நேரத்தை இழந்துவிடுகிறார். என் மனைவியின் அண்ணன் குடும்பத்துக்கு நடந்தது அதுதான்.

அவர்கள் தொண்டியில் இருக்கிறார்கள். எங்களுக்கு ஆறு வாரங்கள் முன்னதாக அதே துறைமுகத்திலிருந்து கப்பல் ஏற வேண்டியவர்கள். பிள்ளைகள் இரண்டு பேர், பெட்டிகள் ஏழு, எல்லாவற்றையும் ரயிலில் ஏற்றி இறக்குவது சிரமம் என்று, தெரிந்தவர் ஒருவரின் வேனை அமர்த்திக்கொண்டு, கப்பல் கிளம்பும் நாள் அதிகாலை 4 மணிக்குப் புறப்பட்டார்கள். பிற்பகல் ஒன்றரைக்குள் சென்னை என்பது மச்சானின் கணக்கு. திருச்சி தாண்டும்வரை கணக்கு சரியாகவே இருந்தது. மேல்மருவத்தூருக்கு முன்னால் பின்சக்கரத்தில் சத்தம் வந்து, வேன் ஓரங்கட்டப்பட்டது. பேரிங் போயிருந்தது. மெக்கானிக் வந்து பார்த்து, உதிரிப் பாகம் வாங்கிவர ஆள் அனுப்பி, மாற்றி முடிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வேறு வண்டி பிடிக்கலாம் என்று இறங்கி நின்று கைகாட்டியும், ஏழு பெட்டியும் நான்கு பேரும் ஏறுகிற வண்டி கிடைக்கவில்லை. பிறகு தாம்பரம் நெரிசல், அதன் பிறகு ராஜாஜி சாலை. துறைமுக வாயிலுக்கு வந்தபோது மணி 3.40.

கப்பல் அங்கேயே நின்றது. கிடங்குகளின் கூரைக்கு மேல் அதன் வெள்ளை அடுக்குகள் தெரிந்தன என்றும், மேல்தளத்தில் ஆட்கள் நடமாடுவதுகூடத் தெரிந்தது என்றும் மச்சான் சொன்னார். வாயிலில் மத்திய தொழில் பாதுகாப்புப் படைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு உள்ளே தொலைபேசியில் பேசினார். பதிவு முடிந்துவிட்டது, பயணிகள் பட்டியல் குடிவரவு அதிகாரிகளிடம் போய்விட்டது, இனி ஒருவரையும் சேர்க்க முடியாது என்று பதில் வந்தது. யாரும் கடுமையாகப் பேசவில்லை. மச்சானின் சின்ன மகள், கப்பலின் நீச்சல் குளத்தில் இறங்குவதற்கென்று வாங்கிய இளஞ்சிவப்பு நிறத் தொப்பியைக் காலையில் வீட்டிலேயே தலையில் மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தாள். வாயிலருகே வேனுக்குள் உட்கார்ந்தபடி அவளே அதைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தாள் என்று சொல்லும்போது மச்சானுக்குக் குரல் கம்மிவிட்டது. அவர்கள் கட்டிய பணத்தில் ஒரு ரூபாய் திரும்பவில்லை. வராமல் போன பயணி என்று பதிவாகிவிட்டால் கட்டணம் முழுவதும் போய்விடும் என்பது சீட்டோடு வந்த விதிகளிலேயே இருந்தது.

ஒரு மணி நேரத்துக்கும் மேல் கப்பல் கண்ணெதிரே நின்றுகொண்டிருக்கும்போது நான்கு பேரை ஏற்றிக்கொள்ள முடியாதா என்று எனக்கும் அப்போது கோபமாக இருந்தது. பின்னர் விசாரித்துப் படித்துப் பார்த்ததில், கப்பல் நிற்பதற்கும் நமக்காகக் காத்திருப்பதற்கும் உள்ள வேறுபாடு புரிந்தது. வெளிநாடு செல்லும் கப்பலில் ஏறியவர் எத்தனை பேர், யார் யார் என்பது எழுத்தில் முடிவான பிறகே அது துறைமுகத்தை விட்டு நகர அனுமதி பெறும். சென்னைத் துறைமுகம் திருகோணமலையைப் போல இயற்கையாக அமைந்ததன்று. திறந்த கடலோரத்தில் அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டி உருவாக்கியது. அதன் வாய்க்குள்ளும் வெளியேயும் பெரிய கப்பலைக் கொண்டுபோகத் துறைமுகத்தின் பைலட், அதாவது வழிகாட்டும் மாலுமி, ஏற வேண்டும், இழுவைப் படகுகள் வர வேண்டும். அவர்களுக்கு அன்றைய நாளில் வேறு கப்பல்களும் வரிசையில் இருக்கும். தாமதமாகக் கிளம்பிவிட்டு வழியில் ஈடுகட்டலாம் என்றால் அதற்கும் விலை உண்டு. கப்பலின் வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்ட, எந்திரம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல் ஆற்றலைத் தர வேண்டும், எண்ணெயும் அந்தக் கணக்கிலேயே எரியும். அடுத்த துறைமுகத்திலும் பைலட்டுக்கு நேரம் குறித்திருப்பார்கள். நூற்றுக்கணக்கான பயணிகள் சரியான நேரத்துக்கு வந்து ஏறியிருக்க, மேல்மருவத்தூரில் பேரிங் போன ஒரு வேனுக்காக இவை அத்தனையையும் தள்ளிப்போட முடியாது.

இதை நான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. “தனுஷ்கோடியில கப்பல் காத்துத்தான் நிக்கும்” என்றார்.

அம்மா 1955-இல் பிறந்தவர். தாத்தா கொழும்பில் புறக்கோட்டையில் கடை வைத்திருந்தார். 1963-இல், எட்டு வயதில், பாட்டியோடு அம்மா தாத்தாவைப் பார்க்கப் போனார். அப்போது எழும்பூரிலிருந்து வரும் போட் மெயில் ரயில் பாம்பன் பாலத்தைக் கடந்து தனுஷ்கோடிக் கப்பல்துறை வரையே போகும். ரயிலை விட்டு இறங்கிச் சற்று நடந்தால் நீராவிக் கப்பல். சுமார் 22 மைல் கடலைக் கடந்தால் தலைமன்னார். அங்கே கொழும்பு ரயில் நிற்கும். 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து ஐம்பது ஆண்டுகள் அப்படித்தான் நடந்தது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடியும் போயிற்று, அங்கே போய்க்கொண்டிருந்த பயணிகள் ரயிலும் அதிலிருந்தவர்களோடு போயிற்று. அதற்குப் பிறகு கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடி, 1980-களின் தொடக்கத்தில் அதுவும் நின்றது.

அம்மா சொன்னது உண்மை. போட் மெயில் தாமதமாக வந்தால் கப்பல் காத்திருக்கும். காரணம், சென்னையில் வாங்கிய ஒரே சீட்டு ரயிலுக்கும் கப்பலுக்கும் மறுகரை ரயிலுக்கும் செல்லும். கப்பலில் ஏற வேண்டிய பெரும்பாலானோர் அந்த ரயிலுக்குள்ளேயே இருந்தார்கள். ரயில் வராமல் கப்பல் யாரை ஏற்றிக்கொண்டு போகும்? இன்று நாம் ரயில் சீட்டை ஓரிடத்தில் வாங்குகிறோம், கப்பல் சீட்டை வேறோரிடத்தில் வாங்குகிறோம். ஒருவருக்கு மற்றவர் இருப்பதே தெரியாது. இரண்டுக்கும் நடுவிலுள்ள கண்ணி நாம் மட்டும்தான். அந்தக் கண்ணி அறுந்தால் இழப்பு முழுவதும் நம் தலையில் விழுகிறது. சில வெளிநாட்டுக் கப்பல் நிறுவனங்கள் விமானச் சீட்டையும் சேர்த்துத் தாமே விற்கும்போது, தாமதமானால் அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பை ஏற்பதைப் பார்க்கும்போது, அந்தப் பழைய ஏற்பாட்டின் அருமை இன்னும் நன்றாகத் தெரிகிறது.

அம்மா இன்னொன்றும் சொன்னார். கப்பல் ஏறப் போகிறவர்கள் மண்டபத்தில் தங்கித்தான் போவார்கள் என்றார். அதுவும் உண்மைதான். எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் மண்டபம் கேம்ப், இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்களை நோய்த்தடுப்புக்காகச் சில நாள் தங்கவைத்துப் பார்த்து அனுப்புவதற்கென்று இலங்கை அரசு நடத்திய முகாம். அவர்கள் விரும்பித் தங்கியவர்கள் அல்லர். அந்த முகாமில் பட்டபாட்டை இங்கே ஓர் உவமையாக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் பயணம் என்பது ஊரிலிருந்து நேராகக் கப்பலுக்குள் காலெடுத்து வைப்பதன்று, நடுவில் ஓரிடத்தில் தங்கிப் போவது என்ற நினைப்பு அம்மாவின் தலைமுறைக்கு இயல்பாகவே இருந்திருக்கிறது.

இனி எங்கள் கணக்கு. பழைய பாம்பன் ரயில் பாலம் 2022 டிசம்பரிலேயே மூடப்பட்டுவிட்டதால் 2023-இல் ராமேஸ்வரம் வண்டிகள் தீவுக்குள் போகாமல் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ நின்றுவிட்டன. நாங்கள் ராமநாதபுரத்தில் ஏறுவதாக முடிவு செய்தோம். இரவு ரயில் காலை 7 மணியளவில் எழும்பூர் போய்ச் சேரும். அங்கிருந்து துறைமுக வாயில் நான்கைந்து கிலோமீட்டர். பதிவு மூடுவது 3 மணி. ஆக, எட்டு மணி நேரம் கையில் இருக்கிறது. எந்த வண்டி எட்டு மணி நேரம் தாமதமாகப் போகிறது? என் மனைவி இப்படிக் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. சொல்லப்போனால், கப்பல் நாளன்று காலையில் சேரும் இரவு ரயிலில் போவது மடமை என்று நான் இப்போதும் சொல்லமாட்டேன். மச்சான் செய்ததற்கும் இதற்கும் நிறைய வேறுபாடு இருக்கிறது. அவருக்குக் கையில் இருந்தது ஒன்றரை மணி நேரம்.

என்னை உறுத்தியது வேறொன்று. தாமதத்தை மட்டும் நினைத்தால் எட்டு மணி நேரம் பெரிது. வண்டியே ஓடாமல் போனால் எட்டு மணி நேரம் ஒன்றுமே இல்லை. ராமநாதபுரத்திலிருந்து மானாமதுரை, காரைக்குடி வழியாகத் திருச்சி வரை ஒற்றைப் பாதை. அதில் எங்கோ ஓரிடத்தில் ஒரு சரக்கு வண்டி தடம் விலகினால் எங்கள் வண்டி நடுவழியில் நிற்கும், அல்லது கிளம்பவே கிளம்பாது. அதற்குப் பின்னால் நம்மை 3 மணிக்குள் கொண்டுசேர்க்க வேறென்ன இருக்கிறது என்று பார்த்தேன். இரவு பதினொன்றுக்கு ரயில் ரத்து என்று தெரிந்தால், எழுபதை நெருங்கும் அம்மாவையும் பெட்டிகளையும் கூட்டிக்கொண்டு பேருந்தில் இரவெல்லாம் போவது ஒன்று, விடியற்காலையில் மதுரை விமான நிலையத்துக்கு ஓடி அன்றைய விமானத்தில் நான்கு இடம் கிடைக்கிறதா என்று பார்ப்பது மற்றொன்று. இரண்டும் இயலாதவையல்ல. ஆனால் இரண்டையும் நம்பிப் பயணத்தைத் தொடங்க என் மனம் ஒப்பவில்லை.

எங்கள் தெருவில் நாட்டுப்படகு வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார், நான் மாமா என்று கூப்பிடுவேன். ஆடியில் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் தென்கடலுக்குப் போகும்போது படகில் இரண்டாவது நங்கூரமும் கயிறும் எடுத்துவைத்துக்கொள்வார். அதன் எடைக்கு மீன் குறைவாகத்தான் ஏற்ற முடியும். அவரிடம் என் குழப்பத்தைச் சொன்னேன். அவர் நீளமாக எதுவும் பேசவில்லை. “இந்த வண்டி போச்சுன்னா அடுத்த வண்டி எப்பங்குறத மட்டும் பாரு” என்றார்.

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டபோது கணக்குத் தெளிந்தது. சனிக்கிழமை இரவு ரயிலில் போனால் ஞாயிறு காலை எழும்பூர். அந்த ரயில் ஓடாமல் போனால், ஞாயிற்றுக்கிழமை பகல் முழுவதும் இருக்கிறது, ஞாயிறு இரவு ரயில் இருக்கிறது, மதுரை விமானங்கள் இருக்கின்றன, காரும் இருக்கிறது. நாளன்று போகிறவர்கள் தம் ஒரே வண்டியாக நம்பும் ஞாயிறு இரவு ரயில், முதல் நாள் போகிற எங்களுக்குப் பின்துணையாக நிற்கும். ஒருநாள் முன்னதாகப் போவதை நான் அதுவரை நேரத்தைக் கூட்டிக்கொள்வதாகவே நினைத்திருந்தேன். நாங்கள் உண்மையில் வாங்கியது ஏறாமல் விட்ட இன்னொரு வண்டியை.

எதிர்ப்பக்கத்துக்கும் நியாயம் இருந்தது. எழும்பூரில் இரண்டு அறைக்கு 4,200 ரூபாய். வெளியில் நான்கு பேருக்கு மூன்று வேளைச் சாப்பாடு. நான் பள்ளி ஆசிரியன், கப்பலுக்கான ஐந்து நாள் விடுப்புக்கே தலைமையாசிரியரிடம் நின்று பேச வேண்டியிருந்தது. நல்ல வேளையாக எங்கள் கூடுதல் நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. அது வேலைநாளாக இருந்திருந்தால் இன்னும் கடினமாக யோசித்திருப்பேன். லாட்ஜில் படுப்பதென்றால் அம்மாவுக்குப் பிடிக்காது. ஆனால் எங்கள் நான்கு பேருக்குமான கப்பல் கட்டணம் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. அது முழுவதும் கட்டி முடித்த பணம், திரும்பாத பணம். அதைக் காப்பதற்கு 4,200 ரூபாய் என்று பார்த்தபோது என் மனைவியும் சரி என்றாள்.

பயணக் காப்பீடு எடுத்துக்கொண்டு நாளன்றே போகலாமே என்று பள்ளியில் ஒருவர் சொன்னார். எனக்கு வந்த பாலிசியை முழுவதும் படித்தேன். இணைப்புப் பயணம் தவறினால் இழப்பீடு என்ற பிரிவில், பொதுப் போக்குவரத்து குறிப்பிட்ட மணி நேரத்துக்கு மேல் தாமதமாகியிருக்க வேண்டும் என்றும், பயணி போதிய இடைவெளி விட்டுத் திட்டமிட்டிருக்க வேண்டும் என்றும் இருந்தது. சொந்த வண்டியோ வாடகை வேனோ பழுதானதற்கு அதில் இடமே இல்லை. காப்பீடு எடுங்கள், மருத்துவச் செலவுக்காக அது கட்டாயம் வேண்டும். ஆனால் அதை முன்னிட்டுப் பயண நாளைச் சுருக்காதீர்கள். தவறவிட்ட கப்பலை அடுத்த துறைமுகத்தில் பிடிப்பதும் பேச்சுக்குத்தான் எளிது. எங்கள் கப்பல் அடுத்து நிற்கும் இடம் அம்பாந்தோட்டை. சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானம், கொழும்பிலிருந்து தென்கோடிவரை சாலை, அதற்கும் மேல் கப்பல் நிறுவனத்தின் அனுமதியும் அந்நாட்டுக் குடிவரவின் அனுமதியும் வேண்டும். நான்கு பேர் அதற்குச் செலவிடுவதில் இன்னொரு சுற்றுலாவே போய்விடலாம்.

சனிக்கிழமை இரவு கிளம்பினோம். ஞாயிறு காலை இறங்கும்போது அம்மாவின் இரண்டு கால்களும் வீங்கியிருந்தன. இரவெல்லாம் கீழ்ப்படுக்கையில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தே வந்திருக்கிறார், எங்களை எழுப்பவில்லை. செருப்பின் வார் பதிந்த இடம் குழியாகத் தெரிந்தது. லாட்ஜில் படுக்க வைத்துத் தலையணை இரண்டைக் காலுக்கு அடியில் கொடுத்ததும் தூங்கிப்போனார். பகல் ஒரு மணிக்கு எழுந்தபோது வீக்கம் வற்றியிருந்தது. அதைப் பார்த்ததும், நாளன்று வந்திருந்தால் இந்தக் கால்களோடுதான் துறைமுக வரிசையில் நின்றிருப்பார், இந்தக் கால்களோடுதான் கப்பல் ஏணியில் ஏறியிருப்பார் என்று நினைத்தேன். ரயில் ரத்தாகுமா, தாமதமாகுமா என்றே யோசித்துக்கொண்டிருந்த எனக்கு, ரயில் சரியாகவே போய்ச் சேர்ந்தாலும் பயணியின் உடம்பு எந்த நிலையில் போய்ச் சேரும் என்பது தோன்றவே இல்லை. வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் இதை ஒரு தனிக் காரணமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மாலையில் மெரினாவுக்குப் போனோம். வடக்கே துறைமுகத்துக்கு வெளியே, உள்ளே நுழைய முறை வருவதற்காக நங்கூரமிட்டுக் கிடந்த கப்பல்களின் விளக்குகளை அம்மா எண்ணினார். ஏழு என்றார்.

திங்கட்கிழமை காலை, நாங்கள் ஏறாமல் விட்ட ஞாயிறு இரவு ரயில் எங்கே வருகிறது என்று கைப்பேசியில் பார்த்தேன். அது ஏறத்தாழ அரை மணி நேரத் தாமதத்தில் எழும்பூருக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதில் வந்திருந்தாலும் கப்பலைப் பிடித்திருப்போம். இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனாலும் எங்கள் முடிவு வீண் என்று எனக்குத் தோன்றவில்லை. 2024 டிசம்பர் 2 அன்று, ஃபெஞ்சல் புயலை அடுத்து, விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டி, தென்மாவட்ட ரயில்கள் பல நிறுத்தப்பட்டபோது, முந்தைய இரவு இதே நம்பிக்கையோடு ஏறிய எத்தனையோ பேர் வழியில் இருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலின்போது சென்னை விமான நிலையமே மூடிக்கிடந்தது.

சென்னைக் கப்பல்கள் பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, மேற்குக் கடற்கரையில் பருவமழைக் கடல் கொந்தளிக்கும் காலத்தில் இங்கே வருபவை. அதனால் புயல் காலத்தை அவை பெரும்பாலும் தொடுவதில்லை. ஆனால் கீழக்கரையிலிருந்தும் தொண்டியிலிருந்தும் சிங்கப்பூருக்குப் போய் அங்கே கப்பல் ஏறுகிறவர்கள் ஆண்டு முழுவதும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் திருச்சியிலிருந்தோ மதுரையிலிருந்தோ பறந்து, இறங்கிய அன்றே கப்பல் ஏற நினைப்பவர்கள், பாம்பனில் எத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பதையாவது கிளம்புமுன் கேட்டுக்கொள்வது நல்லது. ஒரு கூண்டு ஏறியிருந்தால் நான் இரண்டு நாள் முன்னதாகவே போவேன்.

அப்படியானால் நாளன்று போவதே கூடாதா என்று என் மருமகன் கேட்பான். தனியாகவோ, உடல்வலுவுள்ள இருவராகவோ, கையில் ஒரு பையோடு போகிறவர் இரவு ரயிலில் போகலாம். ஆனால் அவர் மாற்றுவழியைக் கிளம்புமுன்பே முடிவு செய்திருக்க வேண்டும், அதற்கான பணமும் கையில் இருக்க வேண்டும். ரயில் திருச்சியைத் தாண்டிவிட்டால் பயம் பாதி குறைந்துவிடும். அதற்குப் பிறகு சென்னைக்குப் பேருந்தும் வேறு ரயில்களும் நிறையக் கிடைக்கும். காலை 7 மணிக்கு இறங்கிவிட்டு நேரே துறைமுகத்துக்குப் போவதிலும் பயனில்லை, ஒதுக்கிய நேரத்துக்கு முன் உள்ளே விடமாட்டார்கள். எழும்பூர் நிலைய ஓய்வறையை ரயில் சீட்டு எண்ணை வைத்து முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளலாம். மதுரையிலிருந்து நாளன்று விமானம் என்றால் முதல் விமானமாக இருக்கட்டும். சாலை வழியாக நாளன்று போவதை மட்டும் யாருக்கும் நான் சொல்லமாட்டேன். தொப்பியை மடித்து வைத்த அந்தப் பிள்ளையின் நினைவு அதற்கு மேல் என்னை எழுதவிடவில்லை.

இப்போது 2025 ஏப்ரல் 6 முதல் புதிய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடுகிறது. தீவுக்காரர்கள் ராமேஸ்வரத்திலேயே ஏறலாம். ஆனால் பாலம் புதிதே தவிரக் காற்று பழையதுதான். பழைய பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்புக்கு மாறிவிடும், ரயில் கரையிலேயே நிற்கும். ஆடிக் காற்றில் கப்பல் ஏறப் போகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆடி அமாவாசை அந்த வாரத்தில் வந்தால் ரயில் இருக்கைகள் எல்லாம் அக்கினி தீர்த்தத்துக்கு வந்து திரும்புகிறவர்களால் நிரம்பியிருக்கும். வெயிட்டிங் லிஸ்ட் சீட்டை நம்பிக் கப்பல் சீட்டு வாங்காதீர்கள். முதலில் ரயில் சீட்டு உறுதியாகட்டும்.

மருமகனிடம் நேற்று இரவு பேசினேன். சனிக்கிழமை இரவுக்கு ஐந்து இடம் உறுதியாகக் கிடைத்துவிட்டது என்றான். அக்காவுக்குக் கீழ்ப்படுக்கை கிடைத்திருக்கிறதாம். இரவில் ஒருமுறை எழுந்து அவள் காலை நீட்டிப் படுத்திருக்கிறாளா என்று பார்க்கச் சொன்னேன்.

எங்கள் கப்பல் அன்று மாலை 5 மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது கயிறுகளை அவிழ்த்தது. எல்லோரும் கடல் பக்கமாகப் போய் நின்றார்கள். அம்மா மட்டும் கரைப் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கிடங்குகளுக்கு அப்பால் தெரிந்த வாயிலையே பார்த்துக்கொண்டிருந்தார். இழுவைப் படகு கப்பலின் முகப்பை மெல்லத் திருப்பத் தொடங்கியபோது என் கையைத் தொட்டு, “ரயில்ல வந்தவுக எல்லாரும் ஏறிட்டாகளாய்யா?” என்று கேட்டார்.